நாலாவது பாசிமணி

ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸின் முன்பாதி நூலாகிச் சிமெண்டு உறைக்குள் இறங்கிவிட்ட பிறகும் பின்சீட்டில் நாலு பேர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பாதியில் எதற்கு இறங்குவது என்பது அவர்கள் கேள்வி. கண்டக்டர் கெஞ்சிக்கொண்டிருந்தார். டிரைவர் கெஞ்சவில்லை, கையிலிருந்த ஸ்டியரிங் நழுவி, நிமிர்ந்து, கறுப்பு நூலாக நீண்டு, வளைந்து மேலே ஏறி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த நாலு சிமெண்டு வளைய உறைகளின் வாய்க்குள் போய் மறைந்ததை முழுசாகப் பார்த்துவிட்டு, இனி நமக்கு என்ன வேலை என்று வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துவிட்டார். மேலே பஸ் உள்ளே போகப் போக, அடி உறையின் ஓட்டை வழியாக விரல் நீளத் துண்டுகளாகப் பஸ் வெளியே விழுந்துகொண்டிருந்தது, சீராக, முறுக்கு பிழிகிற மாதிரி.

"ஏனுங்க டாக்டரு, இந்த ஹாரனாவது கெடைக்குமுங்களா?" என்றார் கண்டக்டர்.

கேட்டது மூச்சிரைக்க ஓடிவந்த செங்கோடனை. அவன் டாக்டர்தான், ஊசி போடுகிற டாக்டர் இல்லை. புரதத்தைப் படித்து முனைவர் ஆகி, அதற்குப் பிறகும் படிப்பு தீராமல், வெள்ளவேலம்பாளையத்துக்கு வெளியே இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வருசமாக அதே புரதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள். பஸ்ஸின் முதுகில், நம்பர் பலகைக்குக் கீழே, வால் மாதிரி தொங்கிய நாலு பாசிமணிகளை எண்ணினான். நாலுதான். பிறகு யாரும் பார்க்காத மாதிரி கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் பிடரியைத் தடவினான்.

மூன்று.

காரணத்தைச் சொல்லிவிடலாம், பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆயுத பூசை அன்றைக்கு நிலையத்தின் உதவியாளர் குப்பண்ணன் எல்லா மெசினையும் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் கரைக்க உட்கார்ந்தார். பாட்டிலில் தண்ணீர் இல்லை. குழாய்வரைக்கும் போகச் சோம்பல். பக்கத்தில் ஐஸ் பெட்டியில் ஒரு சின்னக் குழலில் தண்ணீர் மாதிரி ஏதோ தெளிவாக இருந்தது, அதன்மேல் 'தொடாதே' என்று இங்கிலீஷில் எழுதியிருந்த மை ஐஸ் உருகி ஓடிப்போயிருந்தது. அதை ஊற்றிக் கரைத்துவிட்டார். செங்கோடன் மூன்று வருசம் வடிகட்டி, வடிகட்டி, மறுபடி வடிகட்டிச் சேர்த்த புரதம் அது. அந்தச் சந்தனத்தைச் சுற்றுகிற மெசினுக்கும் குளிர்பெட்டிக்கும் கேட்டுக்கும் வைத்தார். மிஞ்சியதை வருசா வருசம் செய்கிற மாதிரியே கிண்ணத்தோடு ஊருக்குள் கொண்டுபோய், டவுன் பஸ்ஸுக்கும் அரிசி மில்லுக்கும் தையல் மெசினுக்கும் சவரக்கடை நாற்காலிக்கும் பஞ்சாயத்து மைக்குக்கும் சாப்பாட்டு மெஸ் வேலாத்தாவின் மொபெட்டுக்கும் வைத்தார். போட்டோ எடுக்கிற பெரிய நுண்ணோக்கிக்கு மட்டும் வைக்கவில்லை, அதன் கிட்டே நிலையத்து மேடம் யாரையும் விடுவதில்லை. கிளம்பும்போது செங்கோடனைப் பார்த்தார்.

"சாரும் ஒரு கருவிதானுங்களே. மூணு வருசமா ஒண்ணும் ஓட மாட்டேங்குது. இருக்கட்டும்" என்று அவன் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டார். அவன் சட்டைக் கையால் பாதியைத் துடைத்துக்கொண்டான். அதனால்தான் பஸ்ஸுக்கு நாலு மணி சேர்ந்தபோது அவனுக்கு மூன்றில் நின்றது.

சந்தனம் பட்ட பொருளுக்கு எல்லாம் வால் முளைத்தபோது ஊர் மெஸ்ஸில் கூடியது. தப்பு செய்தவருக்குத்தான் விவரம் தெரியும் என்று குப்பண்ணனையே பேசச் சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல புரதம் சோலி பாக்குதுங்க. அதுல ஒண்ணு கோணிப்போச்சு, இனி ஆகாதுன்னா, அது முதுகுல ஒரு பாசிமணி ஏறும். மணிக்கு மேல மணி. நாலு சேந்துருச்சுன்னா முடிஞ்சுது. பீப்பாயாட்ட ஒரு மெசின் இருக்குதுங்க, நாலு வளையத்தை அடுக்கி வெச்சாப்ல. அது இந்தப் புரதத்தை முறுக்குப் பிரிச்சு, நூலாக்கி உள்ள இழுத்து, துண்டு துண்டா நறுக்கி அக்கட்டால தள்ளீரும். அந்தத் துண்டை வெச்சு வேற புரதம் கட்டிக்கும். மணி மட்டும் நறுங்காம வெளிய வந்து அடுத்த ஆளைத் தேடிப் போயிருமுங்க. அந்த மணியை ஏத்தற சாமானம்தான் சாரோட குழல்ல இருந்தது."

"அது செல்லுக்குள்ள. இங்க பீப்பாய் எங்க இருந்து வந்துச்சு?" என்று பஞ்சாயத்துத் தலைவர் நாச்சிமுத்து கேட்டார்.

"கக்கூஸ் குழிக்குன்னு காண்ட்ராக்டர் ரெண்டு வருசத்துக்கு முன்னால எறக்கிப்போட்டுட்டுப் போனாரில்லைங்க, நாலு உறை. அதுதானுங்க."

ஊர் யோசித்தது. காண்ட்ராக்டர் போட்ட ஒரு சாமான் வேலை செய்கிறது என்பதை நம்பத்தான் கொஞ்ச நேரம் ஆனது, மற்றதெல்லாம் உடனே புரிந்துவிட்டது. "பஞ்சாயத்துக் குப்பை வண்டியைவிட ஒழுங்கா இருக்குதே" என்று யாரோ சொல்ல, கூட்டம் கலைந்தது.

அதற்குப் பிறகு ஊர் பழகிக்கொண்டது, மழைக்குப் பழகுகிற மாதிரி, மின்வெட்டுக்குப் பழகுகிற மாதிரி. தெருவில் பாசிமணி ஒன்று தானாக உருண்டு போனால் நாய்கள் ஒதுங்கி வழிவிட்டன. உறையின் அடியில் விழுந்த துண்டுகளை எடுத்துவந்து எதோடு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்ததும், பஸ் துண்டுகளில் பதினொரு தொட்டில் கட்டினார்கள், அந்தத் தொட்டில்கள் ஒரே சீராக ஆடாமல் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று நின்று ஆடின, பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. சவரக்கடை நாற்காலித் துண்டில் செய்த முக்காலியில் யார் உட்கார்ந்தாலும் தலை தானாக மல்லாந்தது. பஞ்சாயத்து மைக் துண்டுகளைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையில் போட்டுக்கொண்டு போக, பரீட்சை நேரத்தில் ஒவ்வொரு பையும் "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றது, அறிவிப்பு என்னவென்று கடைசிவரை சொல்லவில்லை.

போகக் கூடாத பொருள்களும் இருந்தன அல்லவா, அதற்கும் வழி பிறந்தது. வேலாத்தாவின் மொபெட்டுக்கு மூன்றாவது மணி வந்த காலை, ஒன்பது பேருக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டிய வண்டி இது, இதற்கு என்ன பேன் பிடித்திருக்கிறதா என்று கோபத்தில் அவள் மணியை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவே வைத்து நசுக்கினாள். டக் என்றது. மணி காணோம். ஊரிலேயே பேன் பார்ப்பதில் வேலாத்தாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஈர் ஒன்று முடிக்குள் நினைத்தாலே அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து மெஸ்ஸின் பின்வாசலில் அரிசி மில்லின் பெல்ட்டும் தையல் மெசினும் வரிசையில் நின்றன. இருக்க வேண்டியது வேலாத்தாவிடம், தொலைய வேண்டியது உறைக்கு. யாரும் உத்தரவு போடவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

செங்கோடன் மட்டும் அந்த வரிசைக்குப் போகவில்லை. கழுத்தில் தோள்துண்டைச் சுற்றிக்கொண்டு திரிந்தான்.

"தம்பி, குனி. மூணு நசுக்கு, முடிஞ்சுது" என்றாள் வேலாத்தா, பரிமாறும்போது.

"வேண்டாங்கக்கா. மேடம் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க. இது ஆதாரமாம்."

"உன்ற பொடனி. ஆதாரம் அவுங்களுக்கா?"

அவன் ரசத்தைப் பார்த்தபடி சாப்பிட்டான். அவனுக்கு வெட்கமும் இருந்தது. முனைவர் பட்டம் வாங்கின ஆள், மில் பெல்ட்டுக்கும் தையல் மெசினுக்கும் நடுவில் குரங்குக் குட்டி மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்காருவதா.

மேடம் என்பது பேராசிரியர் மங்கையர்க்கரசி. ஐந்தடிகூட இல்லை, ஆனால் அவர் வருகிற சத்தம் கேட்டால் குளிர்பெட்டி தானாகக் கதவைச் சாத்திக்கொள்ளும். இருபத்திரண்டு வருசமாக அந்தப் பீப்பாயின் உள்பக்கத்தைப் படம் பிடிக்க முயன்றவர். செங்கோடன் அவரிடம் வந்து மூன்று வருசத்தில் எடுத்த படம் எல்லாமே மழையில் நனைந்த வடை மாதிரிதான் வந்தது. அவனுடைய வேலை உத்தரவு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதன்கிழமை அவனைக் கூப்பிட்டார்.

"செங்கோடன், மூணு மணி இருக்குதில்லையா?"

"ஆமாங்க மேடம்."

"நாலாவது மணி வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடும், நான் கணக்குப் போட்டுட்டேன். உலகத்துல எத்தனையோ பேர் இந்த மெசினை வெளியில இருந்து பார்த்திருக்காங்க. உள்ளே இருந்து யாரும் பார்த்ததில்லை. நீங்க கேமராவோட போறீங்க. உங்க பேர்தான் முதல் பேர்."

முதல் பேர் என்றதும் செங்கோடனுக்கு நெஞ்சு படபடத்தது. அதை நினைத்துப் பிற்பாடு அவன் நெம்ப வெட்கப்பட்டான், ஆனால் அப்போது படபடத்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. மூன்று வருசம். ஒரு படம் இல்லை, ஒரு கட்டுரை இல்லை. கூடப் படித்தவன் எல்லாம் இரண்டு பிள்ளை பெற்று, வீடு கட்டி, தொப்பையும் போட்டுவிட்டான்.

"உள்ள போன பின்னாடி வேலை நீட்டிப்பு..."

"ரெண்டு வருசம். நிர்வாகத்துல பேசிட்டேன். எல்லாத் துண்டுக்கும் சேர்த்து ஒரே உத்தரவா போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க. வருகைப் பதிவேட்டுல ஏதாவது ஒரு துண்டு கையெழுத்துப் போட்டாப் போதும்."

மேடம் கெட்டவர் இல்லை. அவரே போயிருப்பார், அவருக்கு மணி வரவில்லை, அவ்வளவுதான். குப்பண்ணனிடம் போய்ச் சந்தனம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்த ஆள் அவர். மிச்சம் இல்லை. அந்த ஏக்கம் அவர் கண்ணில் தெரிந்தது.

செய்தி மத்தியானத்துக்குள் ஊரில் பரவிவிட்டது. யாரும் அழவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. சாயங்காலம் டீக்கடையில் செங்கோடனை நடுவில் உட்காரவைத்துத் துண்டுகளுக்குப் பேர் சொல்லி வைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு அந்த இங்கிலீசு பேசற துண்டு வேணுமுங்க. என்ற பையன் பத்தாவது" என்றார் தலைவர் நாச்சிமுத்து.

"எனக்குக் காலையில மூணு மணிக்கு எந்திரிக்கற துண்டு. பால் கறக்கோணும்."

"சாரு திட்டுனா பதில் பேசாம நிப்பாரு பாருங்க, அந்தத் துண்டு எனக்கு. ஊட்டுல வெச்சுக்கறேன்" என்றார் கண்டக்டர். பஸ் போன பிறகு அவர் வீட்டில்தான் இருந்தார்.

"ஏனுங்க, கல்யாணம் ஆகாத துண்டு எதாச்சும் வருமுங்களா?"

"எல்லாமே அதுதாண்டா."

சிரித்தார்கள். செங்கோடனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுத் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதில் எந்தத் துண்டில் தான் இருப்பான் என்று யோசித்தான். இங்கிலீஷ் பேசுகிறதில் இல்லை. திட்டு வாங்குகிறதிலும் இருக்கப் பிடிக்கவில்லை. மிச்சம் இருக்கிற துண்டுக்கு யாரும் பேர் சொல்லவில்லையே என்று திடீரென்று உறைத்தது.

வேலாத்தா எதற்கும் பேர் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் சிடுசிடுத்தாள்: "தினமும் ஒம்போது ஆளுக்கு அரிசி போடறேன். கையே அளந்துக்கும். எட்டாச்சுன்னா எனக்கு அளவு தப்பிப்போகும். ஒண்ணு கொழையும், இல்லாட்டி வெறைக்கும். இதுல துண்டை வேற வாங்கி நான் என்ன பண்ண?"

வெள்ளிக்கிழமை பல் விளக்கும்போது நாலாவது மணி வந்தது. சின்னதாக ஒரு கூச்சம், கம்பளிப்பூச்சி ஏறின மாதிரி, அவ்வளவுதான். பிரஷ்ஷைக் கீழே வைப்பதற்குள் கால் இரண்டும் வாசலுக்குத் திரும்பிவிட்டன. அவன் நிற்கச் சொன்னான், கால்கள் கேட்கவில்லை. பஸ்ஸுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், பாவம். லுங்கியோடு போக வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிப் பேண்ட் போட்டுக்கொண்டான்.

அவன் நடந்தான், அவன் பின்னால் ஊர் நடந்தது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்குப்போசி, துண்டு வாங்குவதற்கு, விளக்கிக் கவிழ்த்துத் துடைத்த போசி, சிலது பித்தளை, சிலது எவர்சில்வர், தலைவர் வீட்டில் மட்டும் மூடி போட்டது. வழியில் மில் பெல்ட் ஓடிக்கொண்டே அவனைப் பார்த்தது, தையல் மெசின் ஒரு தையல் நிறுத்திப் பார்த்தது, பதினொரு தொட்டிலும் அவன் கடந்துபோகும்வரை நிறுத்தத்தில் நின்றன, பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் ஒரே குரலில் "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றுவிட்டு அடங்கின.

உறையருகே மேடம் மூங்கில் ஏணியைச் சாத்தி வைத்துக்கொண்டு நின்றார். கேமராவை அவன் கழுத்தில் மாட்டினார்.

"மூணே விசயம் செங்கோடன். லென்ஸ் மூடியைக் கழட்டுங்க. கண்ணைத் திறந்தே வையுங்க. தயங்காம இறங்குங்க."

"சரிங்க மேடம்" என்றான். மூன்று வருசமாகச் சொல்லிப் பழகின சரிங்க மேடம்.

கால்கள் ஏணியில் ஏறின. எட்டாவது படியில் உறையின் வாய் தெரிந்தது. உள்ளே இருட்டுகூட இல்லை, ஒரு கதகதப்பு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி. இடது கைச் சுண்டுவிரல் முதலில் பிரிந்தது. வலிக்கவில்லை, ரேகை ரேகையாக அவிழ்ந்து, வெளுத்த நூலாக நீண்டு, காற்றில் ஆடிக்கொண்டே வாயை நோக்கிப் போனது. கீழே போசிகள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு அடி உறைக்கு நெருங்கின.

மொபெட் சத்தம் கேட்டது. வேலாத்தா வந்துவிட்டாள், பின்னால் ஒன்பது அடுக்கு. சாப்பிடுகிறவன் எல்லாம் இங்கே வந்துவிட்டால் மெஸ்ஸில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்.

"தம்பி! அரிசிம்பருப்பு. சூடா இருக்குது. தின்னுபோட்டுப் போ."

"முடியாதுங்கக்கா. கால் நிக்க மாட்டேங்குது."

"ஒம்போது ஆளுக்குப் பொங்கியிருக்கறேன். உன்ற பங்கை எங்க கொட்ட? நாய்கூட அரிசிம்பருப்பு திங்காது, நெய் இல்லாம."

"அக்கா..." என்றான் அவன். மேலே இருந்து எல்லார் முகமும் வட்டமாகத் தெரிந்தது, எல்லா முகத்துக்குக் கீழேயும் ஒரு போசி. "அக்கா, எனக்குப் பயமா இருக்குதுங்க."

போசிகள் இடிப்பதை நிறுத்தின. பஸ்கூட இப்படிச் சொல்லவில்லை.

"அப்பறம் எதுக்கு ஏறுனே?"

"மேடம் சொன்னாங்க."

வேலாத்தா மேடத்தைப் பார்த்தாள். மேடம் உறையைப் பார்த்தார். வேலாத்தா சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு, அடுக்கைக் குப்பண்ணன் கையில் திணித்துவிட்டு, ஏணியில் ஏறினாள். ஏணி கிறீச்சிட்டது, கண்டக்டர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸின் பின்சீட்டில் இருந்தவர்களையும் அன்றைக்கு அவர்தான் இடுப்பைப் பிடித்து இறக்கினார்.

"செங்கோடன், அசையாதீங்க! ஆதாரம்!" என்றார் மேடம்.

"தலையைக் குனி" என்றாள் வேலாத்தா.

அவனுக்கு இரண்டும் கேட்டது. சுண்டுவிரலின் நுனி உறையின் வாயைத் தொட்டுவிட்டது, அங்கே யாரோ மெதுவாக இழுக்கிற மாதிரி இருந்தது. முதல் பேர், இரண்டு வருசம், இருபத்திரண்டு வருசமாக யாரும் பார்க்காத உள்பக்கம். எட்டிப் பார்த்தால் தெரியும். தலையைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

அவன் குனிந்தான். மில் பெல்ட் மாதிரி, தையல் மெசின் மாதிரி, ஊர் முழுக்கப் பார்க்க, பிடரியைக் காட்டிக்கொண்டு ஏணிப் படியில் முழங்கால் இட்டான்.

"பேனைவிடப் பெருசா இருக்குதே" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் முடியை விலக்கினாள். டக். நூல் இழுப்பதை நிறுத்தியது. டக். நூல் திரும்பி வர ஆரம்பித்தது. டக். விரல் சுருண்டுகொண்டது, கொஞ்சம் கோணலாகத்தான், ரவிக்கைக் கயிறு முடிச்சுப் போட்ட மாதிரி, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. நாலாவது மணி கெட்டி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நசுக்கினாள்.

டக்.

கால்கள் அவனுடையவையாகிவிட்டன. நிற்கச் சொன்னான், நின்றன.

கீழே பெரிய ஏமாற்றம். கழுவின போசியைக் காலியாகத் திருப்பிக்கொண்டு போவதா என்று ஒரே முனகல். "ஏனுங்க, என்ற பையனுக்கு அந்த இங்கிலீசுத் துண்டு..." என்று தலைவர் இழுத்தார்.

"முழுசாவே வந்து சொல்லித் தர்றனுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு."

"முழுசாவா" என்றார் தலைவர், அவ்வளவு இடம் வீட்டில் இருக்கிறதா என்று யோசிக்கிற மாதிரி. பிறகு சரி என்றார்.

மேடம் ஒன்றும் திட்டவில்லை. ஏணியின் அடியில் நின்றபடி உறையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலாத்தா ஒன்பதாவது தட்டை எடுத்து, பருப்புச் சாதத்தை அள்ளி வைத்து, நெய்யை ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். செங்கோடனைச் சேர்த்தால் பத்து. "நாளையில இருந்து அளவை மாத்தோணும்" என்று சலித்துக்கொண்டு தனக்கென்று தனியாக எடுத்துவைத்திருந்ததைச் செங்கோடனுக்கு வைத்தாள்.

லென்ஸ் மூடியைக் கழட்டு, கண்ணைத் திறந்தே வை, தயங்காமல் இறங்கு என்று மேடம் மூன்று சொல்லியிருந்தார். மூடி கேமராவிலேயே இருந்தது. வேலாத்தாவின் நகம் பிடரியில் பட்டபோதே அவன் கண்ணை இறுக மூடிவிட்டான். இறங்க மட்டும் இறங்கினான், எட்டுப் படியும், ஒவ்வொரு படியிலும் தயங்கித் தயங்கி, இந்தப் பக்கமாக.